ஆகஸ்டில் ஒரு சைபீரியா

ரத்தோமிரின் கார் நான்காம் முறையாக ஷெட்டுக்குள் நுழைவதைப் பார்த்ததும் விதோயே கையிலிருந்த திருப்புளியைத் தரையில் போட்டான். போட்டான் என்ன, எறிந்தான். "வந்துட்டான்யா, வந்துட்டான்" என்று சுவரோரம் சாய்த்திருந்த பழைய டயரிடம் சொன்னான். டயர் பாவம், அது என்ன செய்யும்?

ஆகஸ்டு மாதத்து மத்தியானம். சாச்சக் ஊரே அடுப்பில் வைத்த சட்டியாகக் கொதித்துக்கொண்டிருந்தது. எதிர்ச்சாரி ரொட்டிக்கடைக்காரன்கூடக் கதவைப் பாதி சாத்திவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டான். அப்பேர்ப்பட்ட வெயிலில் காரிலிருந்து இறங்கினான் ரத்தோமிர், கழுத்தைச் சுற்றிக் கம்பளி மஃப்ளர் கட்டிக்கொண்டு. தலை ஒரு பக்கமாகக் கோணி நின்றது. திரும்ப வேண்டுமென்றால் மொத்த உடம்பையும் சேர்த்துத் திருப்பினான். மறுபக்கக் கதவைத் திறந்து அவன் மனைவி தெசாங்கா இறங்கினாள். பனிக்காலக் கோட்டு, காதை மூடிய குல்லாய். இறங்கிய கையோடு வரிசையாகத் தும்மினாள்.

"கூமே," என்றான் ரத்தோமிர். தொண்டை கட்டியிருந்தது. "இருபத்திரண்டுல வெச்சா சைபீரியா. இருபத்தாறுல வெச்சாலும் சைபீரியா. என்னை ஒரேயடியா அனுப்பிடலாம்னு பாக்கறியா?"

"ஏசியை அணைச்சிட்டு ஓட்ட வேண்டியதுதானே, கூமே?"

"எதுக்கு அணைக்கணும்? ஆட்டோமேட்டிக்குன்னு சொல்லித்தானே ஜெர்மனிலேர்ந்து ஓட்டிட்டு வந்தேன்! தானா குளிரணும், தானா அடங்கணும். அதை நான் அணைச்சா அப்புறம் அது என்ன ஆட்டோமேட்டிக்கு?"

வேறு எவனாவது இப்படிப் பேசியிருந்தால் "வேற கடை பாருய்யா" என்று சாவியைக் கையில் திணித்து அனுப்பியிருப்பான் விதோயே. அவன் கோபக்காரன், ஊருக்கே தெரியும். ஆனால் ரத்தோமிர் வெறும் வாடிக்கைக்காரன் இல்லையே. அவன் கூம். விதோயேயின் கல்யாணத்தில் பக்கத்தில் நின்று சாட்சி சொன்னவன். விதோயேக்கும் அவன் மனைவி பெர்சிதாவுக்கும் பல வருஷம் கழித்து, இனி இல்லை என்று எல்லாரும் முடிவு கட்டிய பிறகு பிறந்த பிள்ளைக்கு, லாசர் என்று பெயர் வைத்தவன். வரும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அந்தப் பிள்ளையைக் கையில் ஏந்தி ஞானஸ்நானத்துக்கு நிற்கப் போகிறவனும் அவன்தான். வானத்தில் கடவுள், பூமியில் கூம் என்பது அந்தச் சீமையில் வாய்ப்பாட்டுக்கு முன்னால் படிக்கிற பாடம். அண்ணன் தம்பியோடு பேசாமல் இருக்கலாம், கூமோடு முறைத்துக்கொள்ள முடியாது. கூம் கோபித்துக்கொண்டு வராத வீட்டுப் பிள்ளையை ஊர் வேறு மாதிரி பார்க்கும்.

அதனால் விதோயே பல்லைக் கடித்துக்கொண்டு திருப்புளியைக் குனிந்து எடுத்தான்.

இந்தக் காரின் கதை பிள்ளை வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஆரம்பித்த கதை. விதோயேயிடம் இருந்தது சாமான் ஏற்றுகிற வேன், பின்சீட்டே கிடையாது. தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துவரக் கூமின் கார்தான் போயிற்று; விதோயே பெட்டி படுக்கையோடு வேனில் முன்னால் போய்விட்டான். ரத்தோமிர் சந்தோஷத்தில் ஏற்கெனவே இரண்டு மூன்று கிளாஸ் ரக்கியா ஏற்றியிருந்தான் என்று தெசாங்கா சொல்வாள். அவன் ஒன்றுதான் என்பான். எத்தனையோ, ஆஸ்பத்திரி வாசல் பூந்தொட்டிச் சுவரில் கொண்டுபோய் முன் பம்பரை இடித்துவிட்டான். காவல்காரனோடு சண்டை வேறு.

மறுநாள் கார் அனல் கக்க ஆரம்பித்தது. டிஸ்பிளேயில் வெளி வெப்பம் மைனஸ் நாற்பது! ஜூன் மாத சாச்சக்கில் மைனஸ் நாற்பது! விதோயே பார்த்ததுமே சிரித்துவிட்டான். வெளியே எத்தனை சூடு என்று பார்த்துச் சொல்லும் சென்சார் பம்பருக்குப் பின்னால் இருக்கிறது. இடித்ததில் அதன் ஒயர் அறுந்து போய், கார் தான் வட துருவத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஹீட்டரைப் போட்டுவிட்டது. ஒயரை ஒட்டினான், மைனஸ் நாற்பது போய் முப்பத்திமூன்று வந்தது. "கை வெச்சா கூம்தான்!" என்று ரத்தோமிர் கட்டிப்பிடித்துக் கன்னத்துக்குக் கன்னம் முத்தம் கொடுத்துவிட்டுப் போனான்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, அதற்குப் பிறகுதான் குளிர ஆரம்பித்தது. அதுவரை ஹீட்டர் மறைத்து வைத்திருந்த கோளாறு இப்போது வெளியே வந்தது. எத்தனை டிகிரி வைத்தாலும் விசிறி சூறாவளி வேகத்தில் பனிக்காற்றை அடித்தது. இரண்டாம் முறை வந்தபோது ஸ்கேனரைச் செருகினான். வெயில் சென்சார் வேலை செய்யவில்லை என்றது ஸ்கேனர். புதுசு ஒன்று வரவழைத்து மாட்டினான். மறுபடியும் அதே பல்லவி. அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது: ஷெட்டுக்குள் ஏது வெயில்? டியூப் லைட் வெளிச்சத்தை அந்தச் சென்சார் வெயிலாக மதிக்காது. வண்டியை வாசலுக்குத் தள்ளி வெயிலில் நிறுத்தினான். அங்கேயும் அதே பல்லவி! கிட்டத்தில் போய்ப் பார்த்தால், டேஷ்போர்டு மேல் தெசாங்கா தன் கையால் பின்னிய வெள்ளை லேஸ் விரிப்பு, சென்சாரை முழுசாக மூடிக்கொண்டு, நடுவில் புனித நிக்கோலாவின் படத்தோடு.

"இதை எடுத்துடுங்க, கூமா" என்றான் கூமின் மனைவியிடம். அது ஒரு குற்றமா? தெசாங்கா முகம் சிவந்துவிட்டது. "சாமி படம் இருந்தா உங்க மிஷினுக்கு ஆகாதா?" என்று கேட்டாள். சாமி இருக்கட்டும், விரிப்பு மட்டும் வேண்டாம் என்று கெஞ்சி எடுத்தான். எடுத்ததும் என்ன ஆயிற்று? சென்சாருக்கு வெயில் தெரிந்தது, அடடா இவ்வளவு வெயிலா என்று கார் இன்னும் அதிகமாகக் குளிரை அடித்தது. விதோயே அன்று தலையில் அடித்துக்கொண்ட சத்தம் ரொட்டிக்கடை வரைக்கும் கேட்டது.

மூன்றாம் முறை, காருக்குள் இருக்கும் சூட்டைப் பார்க்கிற சென்சார். அதுதான் கோளாறு என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. உள்ளே பல் கிட்டிக்கொள்கிற குளிர், ஸ்கேனரில் முப்பத்தொன்பது டிகிரி என்று காட்டுகிறது. கார் என்ன செய்யும்? உள்ளே ஆள் வெந்துகொண்டிருக்கிறான் என்று நினைத்து முழு மூச்சில் குளிரூட்டுகிறது. அதன்மேல் தப்பில்லை. டிரைவர் கால் வைக்கிற இடத்தில் தலைகீழாகப் படுத்து, கையை மேலே விட்டுத் தடவித் தடவிப் பழைய சென்சாரைக் கழற்றினான். அதில் காற்றை இழுக்கிற குழாயையும் கழற்றி விரலால் மூடிப் பார்த்தான், நன்றாக இழுத்தது. புதுச் சென்சாரை மாட்டினான். நிமிரும்போது ஸ்டியரிங்கில் மண்டை இடித்தது. வண்டியைக் கிளப்பினான். முப்பத்தொன்பது டிகிரி.

இப்போது நான்காம் முறை.

"இங்க பார், கூமே" என்றான் ரத்தோமிர், தலையைத் திருப்ப முடியாமல் டயரைப் பார்த்துக்கொண்டே. "உனக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடு. தப்பில்ல. நான் இதை ஓப்ராத்கிட்டயும் காட்டிட்டேன்."

ஓப்ராத் பாலத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன். விதோயேயும் அவனும் எதிரெதிரே வந்தால் ஒருவர் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுவார்.

"ஓப்ராத்கிட்ட காட்டினியா."

"காட்டினேன். இதுக்கு முன்னாடி கை வெச்சவன் எவனோ எல்லாத்தையும் கெடுத்து வெச்சிருக்கான்னு சொன்னான். மொத்த கன்ட்ரோல் யூனிட்டையும் மாத்தணுமாம்."

"எவனோவா!"

"அவன் சொன்னதைச் சொல்றேன். நீ தொடறதுக்கு முன்னாடி சூடா இருந்துச்சு. தொட்டப்புறம் ஐஸ் ஆயிருச்சு. விரிப்பை எடுக்கச் சொன்ன, இன்னும் ஐஸ் ஆயிருச்சு. என் கழுத்தைப் பார்! ப்ரோமாயா அடிச்சு மூணு நாளா திரும்ப மாட்டேங்குது. இவ மூக்கைப் பார்!"

தெசாங்கா மூக்கைக் காட்டினாள். ப்ரோமாயா என்றால் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போகும் காற்று; பட்டால் கழுத்தும் காதும் போச்சு என்பார்கள். போருக்குப் பயப்படாத அந்த ஊர்க்காரர்கள் அதற்குப் பயப்படுவார்கள். நெருப்பாய் எரிக்கிற பஸ்ஸில்கூட எதிரெதிர் ஜன்னல் இரண்டைத் திறந்தவன் உருப்படியாக இறங்க முடியாது.

விதோயேக்குப் பொறுமை போய்விட்டது. எத்தனை நாள்தான் அடக்குவான்? "சுவத்துல கொண்டுபோய் இடிச்சது யாரு? குடிச்சிட்டு இடிச்சது யாரு? அந்த ஓப்ராத் ரேடியோ மாட்டறவன், அவனுக்கு சென்சார்னா என்னன்னு தெரியுமா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! வண்டிய ஓட்டத் தெரியாது, வெக்கத் தெரியாது, உள்ள சாமி படமும் லேசும் வெச்சுப் பூஜை பண்ணிட்டு, என் வேலையைக் குத்தம் சொல்றியா, ரத்தோமிர்!"

கடைசி வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. கூமே என்று சொல்லவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டான். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

ரத்தோமிர் மொத்த உடம்பையும் திருப்பி அவனைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. காய்ச்சலாலா, வேறெதனாலா, தெரியவில்லை.

"சரி, விதோயே" என்றான் மெதுவாக. "சரி. ஞாயித்துக்கிழமைக்கு வேற ஆளைப் பாத்துக்க."

சாவியை வேலை மேசைமேல் வைத்தான். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, மஃப்ளரும் கோட்டுமாக, அந்த நெருப்பு வெயிலில் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான். தெசாங்கா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கூப்பிடுவானோ என்று பார்த்தாள் போலிருக்கிறது. விதோயே கூப்பிடவில்லை. வறட்டுக் கௌரவம், வேறென்ன!

அவர்கள் முனை திரும்பியதும் விதோயே சாவியை எடுத்துக்கொண்டான். பெர்சிதாவிடம் போய் என்ன சொல்வான்? அவள் ஞாயிற்றுக்கிழமைக்காக நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். பிரசவமானவள் நாற்பது நாள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்ற முறைப்படி உள்ளேயே கிடந்து, பிள்ளைக்கு வெள்ளை உடுப்பைத் தானே தைத்து முடித்திருக்கிறாள். உன் பிள்ளைக்குக் கூம் இல்லை, ஏனென்றால் எனக்கு ஒரு ஏசியைச் சரிபண்ணத் தெரியவில்லை என்று சொல்வதா? வேறு ஆளைப் பார் என்றால் எங்கே போய்ப் பார்ப்பது? கூம் என்ன கடையில் விற்கிற உதிரிப் பாகமா, ஒன்று போனால் இன்னொன்றை மாட்ட?

காருக்குள் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினான். பனிக்காற்று முகத்தில் அறைந்தது. "அடி, நல்லா அடி" என்று அதனிடம் சொன்னான். பிறகு, பிள்ளை பிறந்த அன்று விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்த சிகரெட்டைக் கருவிப்பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்துப் பற்றவைத்தான். சத்தியமாவது ஒன்றாவது.

காற்று புகையைக் கலைக்கவே, குனிந்து, இடப்பக்கம் இருக்கிற ஸ்டியரிங்குக்கு வலப்புறம் முழங்கால் உயரத்தில் இழுத்து இழுத்து ஊதினான். அங்கேதான் அந்தச் சென்சாரின் வாய். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும், சின்னச் சின்னத் தடுப்புகள் போட்ட ஓட்டை. அதன் பின்னால் ஒரு குட்டி விசிறி சுற்றி, காருக்குள் இருக்கும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துச் சென்சாரிடம் காட்டும். இழுத்தால் புகை உள்ளே போகவேண்டும். புகை போகவில்லை. ஓட்டையைத் தாண்டிச் சாவகாசமாக மேலே ஏறிப் போயிற்று.

விதோயே சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தான்.

பாக்கெட்டிலிருந்து ஒரு மெல்லிய கைதுடைக்கும் காகிதத்தைக் கிழித்து ஓட்டையில் வைத்தான். ஒட்டிக்கொள்ளவேண்டும். கீழே விழுந்தது. மறுபடி வைத்தான். விழுந்தது. "அட முட்டாளே" என்றான், தன்னைத்தான். குழாயைக் கழற்றிக் குழாயில் இழுப்பு இருக்கிறதா என்று பார்த்தானே தவிர, வாயில் இருக்கிறதா என்று பார்த்தானா? புதுச் சென்சாரைக் கீழிருந்து மாட்டினானே தவிர, முன்பலகையைக் கழற்றினானா? காற்று வராவிட்டால் எத்தனை புதுச் சென்சார் போட்டு என்ன? டேஷ்போர்டுக்குள் வெயிலில் காய்ந்த சூட்டைத்தான் அது காட்டும். முப்பத்தொன்பது!

இந்த முறை அவசரப்படவில்லை. பலகையின் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்துக் கையில் எடுத்தான். தடுப்புகளுக்குப் பின்னால், வெளியே தெரியாத ஆழத்தில், என்னவோ அடைத்துக்கொண்டிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தான். வெள்ளையாக வந்தது. புண்ணுக்குக் கட்டுகிற மெல்லிய வலைத்துணி, விளிம்போடு விளிம்பு சேர்த்து நாலாக மடித்துச் சுருட்டி, நடுவில் சிவப்பு நூலால் முடிச்சுப் போட்டது.

துணி எங்கேயும் கிடைக்கும். ஆனால் இப்படி அளவெடுத்தது போல மடிக்கிறவள் ஊரில் ஒருத்திதான் இருக்கிறாள், மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெர்சிதா. அந்தச் சிவப்பு நூலோ, கண் படாமல் இருக்க லாசரின் மணிக்கட்டில் கட்டியிருக்கும் அதே நூல்.

விதோயே துணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். கூமை என்னென்ன பேசினான்! குடிகாரன், ஓட்டத் தெரியாதவன், பூஜை பண்ணுகிறவன்! எல்லாம் பேசி முடித்த பிறகு, கோளாறு தன் வீட்டிலிருந்தே வந்திருக்கிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனாவது பரவாயில்லை, அலைந்ததோடு விட்டான், ஊர்க்காரனைத் திட்டவில்லை.

இதை அடுப்பில் போட்டுவிடலாமே என்றும் தோன்றியது. தோன்றாமல் இருக்குமா? புதுச் சென்சாரில்தான் கோளாறு, வேறு மாற்றிவிட்டேன் என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? துணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஷெட்டைப் பூட்டிவிட்டு, வீட்டுக்கு நடந்தான்.

பெர்சிதா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரே ஒரு ஜன்னல் திறந்திருந்தது, ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. விதோயே பையிலிருந்து துணியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"இது என்ன?"

அவள் பார்த்தாள். "அட, இது எங்க கெடைச்சுது? கூமோட வண்டியில வெச்சேனே."

"வெச்சியா! ஏன் வெச்ச?"

"கத்தாத, இப்பதான் கண் அசர்றான். ஆஸ்பத்திரி வாசல்ல கூம் சுவத்துல இடிச்சாரில்ல? இறங்கிப் போயி காவக்காரனோட சண்டை போட்டுட்டிருந்தாரு. நான் முன்சீட்டுல, என் மடியில குழந்தை. அந்த ஓட்டையில கை வெச்சுப் பார்த்தேன், சிலுசிலுன்னு காத்து. கொண்டையூசியால நல்லா உள்ள தள்ளி அடைச்சேன். பொறந்து நாலு நாள் ஆன புள்ள!"

"அது காத்து விடற ஓட்டை இல்லடி! அது ஊதாது, உறிஞ்சும்!"

"உறிஞ்சினா, அந்தக் காத்து வேற எங்கேர்ந்தாச்சும் வந்துதானே ஆகணும்?"

"ஆகணும்."

"ஒரு பக்கம் வருது, இன்னொரு பக்கம் போகுது. அப்ப அது ப்ரோமாயாதானே?"

விதோயே துணியை எடுத்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

"நீ படிச்சவ, பெர்சிதா. மருந்துக்கடையில நிக்கறவ."

"படிச்சதாலதான் சுத்தமான துணியா பார்த்து வெச்சேன். ஏன், அதுக்கு இப்ப என்ன?"

என்ன என்று சொன்னான். சென்சாரில் ஆரம்பித்து, லேஸ் விரிப்பு, ஓப்ராத், பெயர் சொல்லிக் கூப்பிட்டது, வேறு ஆளைப் பாத்துக்க என்றது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னான். பெர்சிதாவின் கை பிள்ளையின் முதுகில் நின்றுபோயிற்று. தினமும் வீட்டில் சென்சார் சென்சார் என்று புலம்பினானே தவிர, அது ஒரு ஓட்டைக்குப் பின்னால் இருக்கிறது என்று ஒருநாளாவது சொன்னானா? அதையும் அவள் கேட்டாள். நியாயமான கேள்விதான். பிறகு சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள்.

"நான் வந்து சொல்றேன். தப்பு என்னுது."

"நீ இரு. வாயை விட்டது நான்."

ரத்தோமிர் தன் வீட்டுக் கட்டிலில் குப்புறக் கிடந்தான். தெசாங்கா ரக்கியாவில் நனைத்த துணியை அவன் கழுத்தில் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தாள். வீடு முழுக்கப் பிளம் சாராய வாசனை. கதவருகே நின்ற விதோயேயை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அந்த ஊரில் வந்தவனை உட்காரச் சொல்லாமல், ஒரு வாய் காபி கொடுக்காமல் நிறுத்துவது என்றால் அது செருப்பால் அடித்ததற்குச் சமம்.

"கூமே" என்றான் விதோயே.

ரத்தோமிர் முகத்தைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டான்.

"கூமே, உன் வண்டியில கோளாறு இல்ல. உன்மேலயும் இல்ல. கூமாவோட விரிப்புமேலயும் இல்ல. இதுதான்." துணியைக் கட்டிலில் வைத்தான். "சென்சாரோட வாயில இருந்துச்சு. பெர்சிதா வெச்சது. நான் உன்னைக் கண்டபடி பேசினேன். எனக்குப் பேசவே யோக்கியதை இல்ல. ஓப்ராத்கிட்ட வேணும்னாலும் போய்ச் சொல்லிக்க."

ரத்தோமிர் முனகிக்கொண்டே மொத்த உடம்பாகப் புரண்டு எழுந்து உட்கார்ந்தான். துணியை எடுத்தான். சிவப்பு நூலைப் பார்த்தான். திட்டப் போகிறான் என்று விதோயே தயாராக நின்றான். திட்டட்டும், அடிக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும்.

"எப்ப வெச்சா?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்ற அன்னிக்கு. நீ காவக்காரனோட பேசிட்டிருந்தப்ப."

ரத்தோமிரின் முகம் வெளுத்துப்போனதை விதோயே கண்ணால் பார்த்தான்.

"என் பக்கத்துக் கதவு" என்றான் ரத்தோமிர். "தெசாங்கா, அன்னிக்கு நான் என் பக்கத்துக் கதவை..."

"தெறந்து போட்டுட்டுப் போன" என்றாள் தெசாங்கா. "ரெண்டு காலை அகட்டி நின்னு அந்தாளோட சண்டை போட்ட. நான் பின்சீட்டுலேர்ந்து கத்தினேன். நீ கேக்கல."

"அந்தப் பக்கம் கதவு, இந்தப் பக்கம் ஓட்டை. நடுவுல குழந்தை." ரத்தோமிர் துணியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். கண்ணில் நீர் வழிந்தது. "கதவைச் சாத்துங்கன்னு கூமைப் பார்த்துச் சொல்லக் கூச்சப்பட்டு, பாவம், உடம்பெல்லாம் தையலோட, தன் கையால அடைச்சிருக்காளே! நான் என்ன மனுஷன்! நான் எந்த மூஞ்சியோட ஞாயித்துக்கிழமை அந்தப் புள்ளையைக் கையில வாங்குவேன்! கூமே, உண்மையைச் சொல்லு. புள்ளைக்குக் காது வலி, கீது வலி ஏதாச்சும்?"

"ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கான்."

"ராத்திரி அழறானா?"

"எல்லாக் குழந்தையும் அழும், கூமே."

"அழறானாம்!" என்று ரத்தோமிர் மனைவியிடம் சொல்லி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

விதோயேக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பத்து நிமிஷத்துக்கு முன்னால் தான் மன்னிப்புக் கேட்க வந்தவன், இப்போது கட்டிலில் உட்கார்ந்து கூமைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான். அந்த ஓட்டை ஊதாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லத்தான் நினைத்தான். ஆனால் அழுகிறவனிடம் போய் விசிறி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று விளக்குவதா? தெசாங்கா அவனுக்குக் காபி போட உள்ளே போனாள். அவள் அலமாரியில் சின்னக் கோப்பைகளை எடுக்கிற சத்தம் கேட்டபோதுதான் விதோயேக்கு மூச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. கூமின் கார் வாசலில் வந்து நின்றது, கண்ணாடியில் வெள்ளை ரிப்பன் கட்டி. டேஷ்போர்டில் சாமி படம் இருந்தது, விரிப்பு பின்கண்ணாடிக்குப் போயிருந்தது. பின்சீட்டில் பெர்சிதாவும் தெசாங்காவும், நடுவே குழந்தை நாற்காலியில் வெள்ளை உடுப்போடு லாசர். ரத்தோமிர் ஓட்டினான், பக்கத்தில் விதோயே. ரத்தோமிர் இருபத்திரண்டு வைத்தான். விசிறி ஒரு நிமிஷம் வேகமாகச் சுற்றி, பிறகு தானாகவே மெல்ல அடங்கி, பூ மாதிரி வீசியது. இருபத்திரண்டு என்றால் இருபத்திரண்டு! விதோயேக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஓப்ராத் இந்தக் காரில் ஏறிப் பார்க்கட்டும்!

ரத்தோமிர் அந்த ஓட்டையைப் பார்த்தான். பெர்சிதா முன்சீட்டின் ஓரமாகத் தலையை நீட்டிப் பார்த்தாள். தெசாங்கா தன் கைக்குட்டையை நாலாக மடித்துத் தயாராக மடியில் வைத்திருந்தாள்.

"நல்லா வேலை செய்யுது, கூமே" என்றான் ரத்தோமிர் மரியாதையாக. "கை வெச்சா நீதான்." சொல்லிவிட்டு ஏசியை அணைத்தான். நாலு ஜன்னலும் மேலே ஏறி மூடிக்கொண்டன.

பாலம் தாண்டுவதற்குள் எல்லார் சட்டையும் முதுகோடு ஒட்டிக்கொண்டது. தெசாங்காவின் முகப்பூச்சு கன்னத்தில் கோடு போட்டு இறங்கியது. ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. பின்னால் லாசர் ஒரு தும்மல் போட்டான். ஒரே ஒரு தும்மல், சின்னது. நாலு பேருக்கும் மூச்சு நின்றது.

ஏசியை அணைத்தாலும் அந்தக் குட்டி விசிறி மட்டும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். விதோயேக்கு அது தெரியும். அது ஊதாது, உறிஞ்சும் என்றும் தெரியும். அதன் மொத்தக் காற்றும் ஒரு மெழுகுவர்த்தியை அணைக்கக்கூடக் காணாது என்றும் தெரியும். எல்லாம் தெரிந்தவன், தேவாலய வாசலில் வண்டி நிற்கும்வரை, இடது பக்கமாக வளைந்து உட்கார்ந்து, தன் உள்ளங்கையால் அந்த ஓட்டையை அழுத்தி மூடிக்கொண்டே வந்தான்.